இருபத்திரண்டாவது தொப்பி

"அக்கா, ஆள் காணாமப் போனது டெகிர்தாக்ல. நாம எதுக்கு ஹோட்டலுக்குப் போறோம்?" என்று கேட்டான் தைஃபூன்.

"ஹோட்டல் பக்கத்துத் தெருவுல இருக்கு. டெகிர்தாக் ரெண்டு மணி நேரம். எனக்கு முட்டி வலிக்குது," என்றாள் சபாஹத்.

சொல்லிவிட்டு மேட்டுத் தெருவில் விடுவிடுவென்று ஏறினாள். முட்டி வலிக்கிறவள் நடக்கிற நடையா அது? இருபத்தாறு வருடம் இஸ்தான்புல் சுற்றுலாப் போலீசில் இருந்து, ஓய்வு பெற்ற மறுமாதமே சிர்கேஜியில் ஒரு தோல்பைக் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் திறந்தவள். தைஃபூன் ஆறு வருடமாக அவளுடைய உதவியாளன். சம்பளம் குறைச்சல், வாய் அதிகம். ரெண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்து இருவரும் திருப்தியாகவே இருந்தார்கள்.

பத்தே முக்காலுக்கு மெலிகேயிடமிருந்து போன் வந்திருந்தது. மெலிகே சுற்றுலா வழிகாட்டி. கழுத்தில் அரசாங்கக் கார்டு, கையில் குடை, பின்னால் ஆரஞ்சுத் தொப்பி போட்ட ஒரு கூட்டம், இப்படித்தான் ஊர் அவளைப் பார்த்திருக்கிறது. அழுது பார்த்ததில்லை. இன்று போனில் அழுதாள்.

"பழைய ட்ராய் நகரத்து இடிபாடு பார்க்கக் கிளம்பினோம் அக்கா. காலையில ஏழரைக்கு ஹோட்டல் வாசல்ல எண்ணி ஏத்தினேன், இருபத்திரண்டு பேர். வழியில எங்கேயும் நிறுத்தல. டெகிர்தாக்ல டீ குடிக்க இறங்கிட்டுத் திரும்ப ஏறினா இருபத்தொண்ணு. ஹென்க்னு ஒரு ஹாலந்துக்காரர், அறுபத்தஞ்சு வயசு, அவரைக் காணோம். கடைத்தெரு, கடற்கரை, கழிப்பறைன்னு ஒரு இடம் பாக்கி இல்லாமத் தேடியாச்சு."

"பொண்டாட்டி?"

"அவங்க முதல் சீட்டு, அவர் கடைசி சீட்டு. ரெண்டு நாளா பேச்சு வார்த்தை கிடையாது. அரண்மனையைப் பார்த்துட்டு, 'இவ்வளவு தூரம் நடக்க முடியாமத்தான் ராஜா பல்லக்குல போயிருக்கான்'னு சொல்லிட்டாராம். பன்னிரண்டு மணிக்குள்ள ஆள் கிடைக்கலன்னா கம்பெனி போலீஸ்ல எழுதிக் கொடுத்துடும். எழுதிக் கொடுத்தா என் கார்டு போச்சு. பதினோரு வருஷம் அக்கா! ஒரு தலை எனக்குத் தப்பினதில்ல!"

அதனால்தான் இந்த மேட்டுத் தெரு.

ஹோட்டலின் பெயர் ஹுல்கி பாலஸ். பதினாலு அறை, பாலஸ். லிஃப்ட் இருந்தது, போவதா வேண்டாமா என்பதை அதுவே முடிவு செய்துகொள்ளும். முதலாளி ஹுல்கி வரவேற்பு மேசைக்குப் பின்னால், வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முப்பது வருடமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். எந்த ஈ எந்தப் பக்கம் பறந்தது என்று கேட்டாலும் சொல்வார்.

"மேடம், என் ஹோட்டலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல," என்று எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தார். "ஒவ்வொரு ஆளையும் நானே கைகொடுத்து பஸ்ல ஏத்திவிட்டேன். அந்த ஹாலந்துக்காரனுக்குச் சளி போல, மாஸ்க் போட்டிருந்தான். மஞ்சள் மழைக்கோட்டு. பையைக்கூட நான்தான் தூக்கிக் கொடுத்தேன். அதுக்கு அப்புறம் அவன் எங்கே போனா எனக்கென்ன?"

"முகத்தைப் பார்த்தீங்களா அண்ணே?" என்றாள் சபாஹத்.

"முகமா? டூரிஸ்டுக்கு முகம் எதுக்கு மேடம்? ஆரஞ்சுத் தொப்பின்னா மெலிகே கூட்டம், பச்சைன்னா இன்னொருத்தர் கூட்டம். தொப்பியைப் பார்த்தாப் போதும்."

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"பொண்ணு பெலினுக்குத்தான் பல்வலி. ராத்திரியிலிருந்து ரூமை விட்டு வெளியே வரல. நெர்மின் காலையிலிருந்து மாடிக்கும் கீழுக்கும் கஷாயம் தூக்கிட்டு அலையுறா." நெர்மின் என்பது அவர் மனைவி.

சபாஹத் ஹென்க் தம்பதி தங்கிய ஒன்பதாம் எண் அறைச் சாவியை எடுத்துக்கொண்டாள். லிஃப்ட் இன்று வேண்டாம் என்று முடிவு செய்திருந்தது.

அறைக் கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஹென்க்கின் மனைவி ஹன்னெகே கைப்பட எழுதிய பட்டியல்: நாலு நாள், நாற்பத்தொரு இடம். மசூதி, அரண்மனை, நிலவறைத் தண்ணீர்த் தொட்டி, கோபுரம், மறுபடி மசூதி. பார்த்ததற்கெல்லாம் சிவப்பில் டிக். கட்டிலின் மறுபக்கத்தில், கணவர் படுக்கிற பக்கத்தில், மூன்று வகைக் கால்வலித் தைலமும் ஒரு ஜோடி காலுறையும் கிடந்தன.

"இது சுற்றுலா இல்லக்கா, ராணுவப் பயிற்சி," என்றான் தைஃபூன். "நானா இருந்தா ரெண்டாம் நாளே தப்பிச்சிருப்பேன். மனுஷன் நாலாம் நாள் வரைக்கும் தாங்கியிருக்காரே!"

சபாஹத் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து எதையோ இழுத்தாள். ஒரு ஜோடி பூட்ஸ். ஒவ்வொன்றிலும் ஒரு பூனை குடியிருக்கலாம், அவ்வளவு பெரிசு.

"வேற பூட்ஸ் வச்சிருப்பார்," என்றான் தைஃபூன்.

"கட்டில் கீழே ஹோட்டல் செருப்பு ரெண்டு ஜோடி இருக்கணும். ஒரு ஜோடி, பொம்பளை செருப்பு, இதோ. இன்னொண்ணு எங்கே?"

தைஃபூன் குளியலறையில் தேடினான், அலமாரியில் தேடினான். இல்லை.

"அப்போ மனுஷன் ட்ராயோட மூவாயிரம் வருஷத்துக் கல்லு முள்ளுல நடக்கிறதுக்கு, பூட்ஸை வச்சுட்டு பஞ்சு மாதிரி இருக்கிற ஹோட்டல் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போயிருக்கார்," என்றாள் சபாஹத். "நம்புறியா?"

"கடத்தல்!" என்றான் தைஃபூன். "செருப்போட தூக்கிட்டுப் போயிட்டாங்க!"

"எதுக்குடா கடத்தணும்? இந்தப் பூட்ஸுக்குள்ள ஒளிச்சு வைக்கவா? வா, வெளியே காத்து வாங்கலாம்."

வெளியே காற்று இல்லை, துர்சுன்தான் இருந்தார். ஹோட்டலுக்கு எதிரே எள்ளு வளையரொட்டி வண்டி போட்டிருக்கிற துர்சுன். அவருக்கு உலகத்தில் யாரையும் பிடிக்காது. வாடிக்கையாளரை இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்காது.

"காலையில ஆரஞ்சுத் தொப்பி பஸ் கிளம்பினப்போ இங்கேதான் இருந்தீங்களா அண்ணே?" என்று கேட்டாள் சபாஹத்.

"இல்ல, பாரிஸ்ல இருந்தேன். எங்கே இருப்பேன்? இருந்ததுக்குத்தான் அனுபவிச்சேனே. பாரு, ஒன்பது ரொட்டி! நனைஞ்சு ஊறி நாய் கூடத் திங்காது."

"மழையா பெய்ஞ்சுது?" என்றான் தைஃபூன்.

"மழை என்ன மழை? அந்த ஹுல்கி பொண்டாட்டி! பஸ் முக்கு திரும்பினதும் சமையக்கட்டுக் கதவு வழியா ஓடி வந்து, ஒரு ஜாடித் தண்ணியை ரோட்டுல வீசிட்டு உள்ளே ஓடிட்டா. பாதி ரோட்டுக்கு, பாதி என் வண்டிக்கு. தினமும் இந்த வாசல்லேருந்து பஸ் போகுது. இத்தனை வருஷத்துல ஒரு நாள் ஊத்தினது கிடையாது. இன்னைக்குத்தான் என்ன பைத்தியமோ!"

தைஃபூன் ஒரு நல்ல ரொட்டியாகப் பொறுக்கிக் கடித்தான். வாசல் கழுவியிருப்பாள், இதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. ஆனால் சபாஹத் அசையவில்லை. தெரு நடுவில் நின்றபடி, பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு டாக்சிக்காரன் ஹாரனை அழுத்தி வம்சத்தையே திட்டினான். அதற்கும் அசையவில்லை.

"டேய், பஸ் போன பின்னாடி எதுக்குடா தண்ணி ஊத்துவோம்?"

"தூரப் பயணம் போறவங்க நல்லபடியாத் திரும்பி வரணும்னு. எங்கம்மா நான் பட்டாளத்துக்குப் போனப்போ ஒரு வாளியே ஊத்தினாங்க. பக்கத்து வீட்டுக்காரர் வழுக்கி விழுந்தார்."

"டூரிஸ்டுக்கு ஊத்துவாங்களா?"

"டூரிஸ்டுக்கு எதுக்கு? அவன் போனாத்தான் அடுத்தவனுக்கு ரூம் கொடுக்க முடியும்."

"அப்போ யாருக்கு ஊத்துவாங்க?"

"நம்ம வீட்டு ஆளுக்..." தைஃபூனின் வாயில் ரொட்டி அப்படியே நின்றது. எள் மட்டும் உதிர்ந்தது. "அக்கா! அந்த பஸ்ல போனது..."

"மெதுவாப் பேசு. ஹுல்கிக்குக் காது நீளம்." சபாஹத் அவன் கையிலிருந்து மிச்ச ரொட்டியைப் பிடுங்கித் தின்றாள். "மெலிகே எண்ணினது சரி. இருபத்திரண்டு தொப்பிதான் ஏறிச்சு. ஆனா இருபத்திரண்டாவது தொப்பிக்குக் கீழே இருந்தது ஹென்க் இல்ல. பூட்ஸ் இங்கேயே இருக்கு, அதனால ஹென்க்கும் இங்கேயேதான் இருக்கார். பல்வலிப் பொண்ணு ரூம்ல இல்ல."

"அப்பன்காரன் தானே கைகொடுத்து ஏத்தி, தானே பையையும் தூக்கிக் கொடுத்திருக்கான்!" என்று தைஃபூன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ட்ராய்க்குப் போற வண்டிக்குள்ளேயே ஆளை ஒளிச்சு அனுப்பியிருக்காங்கக்கா. அந்தக் காலத்துல மரக்குதிரைக்குள்ள ஆளை ஒளிச்சு ட்ராய்க்குள்ள அனுப்பினவங்களே இவங்ககிட்ட பிச்சை வாங்கணும்!"

சபாஹத் சிரிக்கவில்லை. மணி பதினொன்று இருபது ஆகியிருந்தது.

ஹோட்டலில் தேட வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். வாடிக்கையாளரும் போகாத, முதலாளியும் ஏற முடியாத இடம். ஹுல்கியின் தொப்பைக்கு ஐந்தாவது மாடிப்படி ஒத்துக்கொள்ளாது. துணி காயப்போடுகிற மொட்டைமாடிக் கதவை சபாஹத் தள்ளினாள்.

போர்வைகள் காய்ந்தன. போர்வைகளுக்கு நடுவே, நிழலில், சாய்வு நாற்காலியில் ஆறடி ஹாலந்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ரெண்டு காலும் உப்பு போட்ட வெந்நீர்ப் பாத்திரத்தில். மடியில் முறம். பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். எதிரே கடல், கப்பல், பறவை. அந்த முகத்தில் இருந்த நிம்மதியை தைஃபூன் எந்த மசூதி வாசலிலும் எந்த டூரிஸ்ட் முகத்திலும் பார்த்ததில்லை.

சபாஹத்தைப் பார்த்ததும் அவர் ரெண்டு கையையும் தூக்கினார். "என் மனைவி அனுப்பினாளா?"

பக்கத்தில் இருந்த நெர்மின் துள்ளி எழுந்து, ஓடிப்போய் கதவை மூடி, கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டாள். ஒல்லியான பெண்.

"சபாஹத் அக்கா, கால்ல விழுறேன். பன்னிரண்டு மணி வரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

"யாரு பையன்?"

"யால்சின். இங்கேதான் காலைச் சமையல் பார்த்தான். பெலினுக்கு முட்டையைச் சிரிச்சுக்கிட்டே வச்சான்னு சொல்லி என் வீட்டுக்காரர் அடிச்சுத் துரத்தினார். சொந்த ஊர் டெகிர்தாக். ரெண்டு வருஷமாகக் காத்திருக்காங்க. மனு எல்லாம் போட்டாச்சு, பதினொண்ணே முக்காலுக்கு நகராட்சியில கல்யாணம். பெலினுக்கு இருபத்தேழு வயசு அக்கா. ஆனா வாசலைத் தாண்ட முடியாது. டாக்சி ஸ்டாண்ட் முழுக்க இவர் சீட்டாட்டக் கூட்டாளிங்க. பஸ் நிலையத்துல சித்தப்பா மகன். டெகிர்தாக்ல இவர் தம்பி இருக்கான், ஒரு போன் பண்ணினா அஞ்சு நிமிஷத்துல நாலு தடியன்களோட நகராட்சி வாசல்ல நிப்பான். ஆரஞ்சுத் தொப்பியைத் தவிர வேற வழி இல்ல."

"இவரை எப்படிப் பிடிச்சே?" என்று தைஃபூன் ஹென்க்கைக் காட்டினான்.

"மூணு நாளா மாடிப்படியில உட்கார்ந்து கால் பிடிச்சுக்கிட்டிருந்தார். பாவமா இருந்துச்சு. தொப்பி, கோட்டு கொடுத்தா ஒரு நாள் முழுக்க உட்கார இடம், சாப்பாடுன்னு கையைக் காட்டிச் சொன்னேன். கழட்டிக் கொடுத்துட்டு என் கையைப் பிடிச்சு முத்தம் கொடுத்தார்."

ஹென்க் விஷயத்தைப் புரிந்துகொண்டு தலையாட்டினார். "நாற்பது வருஷம் டிராம் ஓட்டினேன்," என்று சபாஹத்திடம் ஆங்கிலத்தில் சொன்னார். "உட்கார்ந்தே வேலை. ஓய்வு பெற்றதும் நடக்க விட்டுட்டாங்க."

"எல்லாத்தையும் யோசிச்சிருக்கே நெர்மின்," என்றாள் சபாஹத். "தொப்பி, கோட்டு, மாஸ்க், பல்வலி. வாலிபால் ஆடின பொண்ணு, உயரமும் சரியாப் போச்சு. அந்தத் தண்ணியை மட்டும் ஊத்தாம இருந்திருந்தா நானே கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். ஏம்மா ஊத்தினே?"

"எப்படி அக்கா ஊத்தாம இருக்கிறது?" என்றாள் நெர்மின். கண் நிறைந்துவிட்டது. "போறது என் பொண்ணு."

தைஃபூன் போய் முறத்தில் பீன்ஸைக் கிளறிக்கொண்டு நின்றான்.

சபாஹத் மெலிகேக்குப் போன் போட்டு, ஒன்று விடாமல் சொன்னாள். ஹென்க் உயிரோடு இருக்கிறார், பீன்ஸ் உரிக்கிறார், கம்பெனிக்குச் சொல்லிவிடு, கார்டுக்கு ஆபத்து இல்லை. மறுமுனையில் மெலிகே முதலில் கேட்டது இதுதான்:

"அப்போ நான் சரியாத்தான் எண்ணினேனா அக்கா?"

"ரொம்பச் சரியா எண்ணினே. அதுதான் இப்போ தொல்லை. ஹென்க் கீழே போய் நின்னா, பஸ்ல ஏறினது யாருன்னு ஹுல்கி கேட்பார். நேரா உன்கிட்டதான் கேட்பார்."

பின்னால் ஹன்னெகே யாரையோ டச்சு மொழியில் வறுத்தெடுப்பது மட்டும் கேட்டது.

"நான் தப்பா எண்ணினேன்னு சொல்லணும், அதானே?"

"நான் சொல்லச் சொல்லல. நீயே யோசி," என்று சபாஹத் வைத்துவிட்டாள்.

ஹோட்டல்காரரே பார்த்துச் சொன்னால்தான் கம்பெனி நம்பும், அதனால் ஹென்க்கைப் பன்னிரண்டுக்குள் கீழே இறக்கியாக வேண்டும். ஆனால் மெதுவாக இறக்கலாமே! வீங்கிய காலைத் துடைத்து, செருப்பில் நுழைத்து, ஒவ்வொரு மாடியிலும் ஒரு ஓய்வு. ஹென்க் ஒரு கிண்ணம் பீன்ஸையும் கூடவே எடுத்துக்கொண்டார்.

வரவேற்பு மேசைக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று ஐம்பது. ஹுல்கி எழுந்து நின்றார். ஹென்க்கைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், பீன்ஸைப் பார்த்தார்.

"இவன் இங்கேயா இருந்தான்?"

"மாடியில தூங்கிட்டார் அண்ணே," என்றான் தைஃபூன். "வயசாச்சு, பாவம். பஸ் போனதே தெரியல."

"என்ன விளையாடுறியா? நான் கைகொடுத்து ஏத்தினேன்! மாஸ்க், மஞ்சள் கோட்டு, பை! அது யாரு?" ஹுல்கியின் முகம் சிவந்தது. முட்டாள் இல்லை அவர். தொப்பியைப் பார்க்கிற ஆளாக இருக்கலாம், ஆனால் கணக்கு இடித்தால் விடுகிற ஆள் இல்லை. போனை எடுத்தார், மெலிகேயின் எண்ணை அழுத்தினார், ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். சமையல்கட்டு வாசலில் நெர்மின் வந்து நின்றாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"தங்கச்சி, உங்க ஹாலந்துக்காரன் இங்கேயே நிக்கிறான். காலையில எத்தனை பேரை ஏத்தினே?"

தைஃபூன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஏன் பார்க்க வேண்டும்? அவன் வீட்டுக் கல்யாணமா? ஆனாலும் பார்த்தான்.

"இருபத்தொண்ணு அண்ணே," என்றாள் மெலிகே. "நான்தான் தப்பா எண்ணிட்டேன். மஞ்சள் கோட்டு போட்ட ஒருத்தரே ரெண்டு தடவை ஏறி இறங்கினார். அதையும் சேர்த்து எண்ணிட்டேன்."

ஹுல்கி மெல்ல உட்கார்ந்தார். கோபம் போய், அதைவிட மோசமான ஒன்று வந்தது. இளக்காரம்.

"பதினோரு வருஷம் கழுத்துல கார்டு! விரல் விட்டு இருபது வரைக்கும் எண்ணத் தெரியல! உன்னால ஒரு காலைப் பொழுதே போச்சு, என் ஹோட்டல் பேரு கெட்டுது. இனிமே இந்தத் தெருவுல உனக்கு எவன் ஆள் அனுப்புறான்னு நான் பார்க்கிறேன். ஒவ்வொரு ஹோட்டலா ஏறிச் சொல்றேன், மெலிகேக்குக் கணக்கு வராதுன்னு. கேட்குதா?"

"கேட்குது அண்ணே."

"தப்புன்னு சொல்லு!"

"தப்புதான் அண்ணே."

அந்தக் குரலில் இருந்த அவமானம் மேசையைத் தாண்டி எல்லோரையும் சுட்டது. சபாஹத் பல்லைக் கடித்தாள். தைஃபூனுக்கு அந்தப் போனைத் தூக்கி ஹுல்கியின் டீக் குவளைக்குள் போட வேண்டும் போலிருந்தது.

அப்போது நெர்மினின் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள். ஒரு படம் வந்திருந்தது. தைஃபூன் எட்டிப் பார்த்தான். நகராட்சியில் கொடுத்த சிவப்பு அட்டைக் கல்யாணப் பதிவுப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு உயரமான பெண், பக்கத்தில் காது வரைக்கும் விரிந்த வாயோடு ஒரு பையன். பெண்ணின் தோளில் மஞ்சள் கோட்டு.

நெர்மின் போனைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பிறகு மேசைக்கு நேராக நடந்து வந்தாள். இனிமேல் பேசவே வேண்டியதில்லை அவளுக்கு. சும்மா இருந்தாலே போதும், மகள் தப்பித்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க," என்றாள் கணவனிடம். "அவ சரியாத்தான் எண்ணினா. இருபத்திரண்டாவது ஆள் பெலின். நீங்கதான் கைகொடுத்து ஏத்திவிட்டீங்க. யால்சினைக் கட்டிக்கிட்டா. இப்பத்தான் முடிஞ்சுது."

போனை அவர் முன்னால் வைத்தாள்.

ஹுல்கி படத்தைப் பார்த்தார். எழப் பார்த்தார், முடியவில்லை. தம்பிக்குப் போன் பண்ணக் கை போனது. பாதி வழியில் நின்றது. எதற்கு இனிமேல்? மறுபடி படத்தைப் பார்த்தார். கத்தப் போகிறார் என்று தைஃபூன் ஒரு அடி பின்வாங்கினான். அவர் கத்தவில்லை. அந்தப் பெரிய உடம்பு நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஹென்க் ஒரு பீன்ஸுக்கு நார் உரித்தார், அந்தச் சத்தம் கேட்டது.

மேசை மேல் இருந்த ஸ்பீக்கர் இன்னும் அணையவில்லை என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. அதிலிருந்து மெலிகேயின் குரல் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆனால் நிமிர்ந்த குரல்.

"ஹுல்கி அண்ணே. எத்தனை பேர் ஏறினாங்க?"

ஹுல்கி நெர்மினின் போனைக் கையில் எடுத்தார்.

"நீங்கதானே அண்ணே கைகொடுத்து ஏத்தினீங்க. சொல்லுங்க. எத்தனை?"

ஹுல்கி ரெண்டு விரலால் திரையை விரித்தார். மகளின் முகம் பெரிதாகி வந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னார்:

"இருபத்திரண்டு, தங்கச்சி. நீ சரியாத்தான் எண்ணியிருக்கே."